வெளுத்த குருணை

கப்பல் தாமதமானால் போர்ட் பிளேரில் முதலில் காணாமல் போவது வெங்காயம். எங்கள் ஆஸ்பத்திரியில் சோடா லைம். மெயின்லேண்டிலிருந்து விசாரிக்க வந்திருக்கும் உங்களுக்கு அதை விளக்கினால்தான் மற்றது புரியும்.

மயக்க மருந்து கொடுத்த நோயாளிக்கு மூச்சு மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வரும். அவர் விடும் கரியமில வாயுவை, வழியில் ஒரு டப்பாவில் இருக்கும் சோடா லைம் குருணை உறிஞ்சிக்கொள்ளும். சக்தி தீர்ந்ததும் குருணை ஊதாவாகிவிடும். எடுத்து ஓரமாக வைத்தால் பழையபடி வெளுக்கும், சக்தி திரும்பாது. பார்வைக்குப் புதுசு, அவ்வளவுதான்.

ஆகவே நிறத்தை நம்பக்கூடாது, மூச்சில் வரும் வாயுவை அளக்கும் மீட்டர் வேண்டும் என்று, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரான நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். தலைமை சர்ஜன் கிருஷ்ணமூர்த்தி ஒருநாள் எல்லோர் முன்னாலும், "உம்ம கண்ணுக்கு என்னய்யா கேடு? அதைவிடவா மீட்டர்?" என்றார். நர்சுகள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. பட்டால்தான் இவருக்குத் தெரியும் என்று தோன்றியது.

ஷரீபாவை நான்தான் தேர்ந்தெடுத்தேன். ஜங்லிகாட்டில் துணிக்கடை வைத்திருக்கும் ஜெய்னுதீனின் மனைவி. பித்தப்பையில் கல், மற்றபடி திடமான உடம்பு. நோஞ்சானாக இருந்தால் இதயத்தின் மேல் பழியைப் போட்டுவிடுவார்கள். வலிக்குமா என்று அந்தம்மா கேட்டார். வலிக்காது என்றேன். அது பொய்யில்லை.

அந்த வாரம் கப்பல் வந்திருந்தது. புது டின் என் காலடியிலேயே இருந்தது. நான் வெளுத்துப்போன பழைய குருணையைப் போட்டேன்.

ஆபரேஷன் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஷரீபாவின் முகம் சிவந்தது, நெற்றி வியர்த்தது. சிஸ்டர் சுசீலா என் பக்கம் குனிந்து, "நாடி ஓடுது டாக்டர், டப்பாவை மாத்திரலாமா?" என்று கேட்டாள். மறுபடியும் கேட்டாள்.

"சர்ஜன் பார்க்கட்டும்," என்றேன்.

என் எண்ணம் அதுதான். அவர் பார்ப்பார், பயப்படுவார், நான் டப்பாவை மாற்றுவேன், அந்தம்மா பிழைப்பார், மீட்டர் வரும். வயிற்றுக்குள் குனிந்தவர் நிமிரவே இல்லை. நாடி தடுமாறியது. பிறகு நின்றது.

"சிரிச்சுக்கிட்டுத்தானே உள்ள போனா, டாக்டர் சாப்," என்று ஜெய்னுதீன் திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்தேன்.

மீட்டர் இல்லாததால் நேர்ந்த சாவு என்று மேலிடத்துக்கு எழுதினேன். அடுத்த வருஷமே மீட்டர் வந்தது. கிருஷ்ணமூர்த்தி மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அதன்பிறகு என் கையில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஷரீபா வீணாகச் சாகவில்லை என்று நிம்மதியாகத்தான் இருந்தேன், சுசீலா உங்களிடம் வந்து சொல்லும்வரை.

நேற்று வராந்தாவில் அவளை நிறுத்தி, ஏனம்மா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"மீட்டர் இல்லாமலே அன்னிக்கு உங்களுக்குத் தெரிஞ்சுதே, டாக்டர்," என்றாள்.

தெரிந்தது. ஆமாம், தெரிந்தேதான் கொன்றேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனாலும் ஐயா, சர்ஜன் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்திருக்கலாம்.