ஏழாவது கட்டம்

நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் எழுத வேண்டும், கட்டத்துக்கு வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான். பத்தொன்பது வருடமாக எங்கள் இதயநோய் மருத்துவமனைக்கு நான் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். என் எழுத்தில் ஒற்றுப்பிழைகூட வராது. என் மேசையிலிருந்து எடுத்துப்போன கோப்புகளைப் படித்திருப்பீர்கள், உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அதில் ஒரு கோப்பின் தேதியைப் பற்றி நேற்று விசாரணையில் கேட்டீர்கள். கம்ப்யூட்டரில் தேதி தப்பாக விழுந்திருக்குமோ என்று நீங்களே எனக்கு ஒரு வழியும் எடுத்துக் கொடுத்தீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. தேதிக்குக் கடைசியில் வருகிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் எதற்காகச் செய்தேன் என்பது புரியும்.

எங்கள் பெரிய டாக்டர் ஒரு பட்டை செய்தார். பாதித் தீப்பெட்டி அளவுதான் இருக்கும். நெஞ்சின் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டால் துடிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்கும். துடிப்பு லேசாகத் தடுமாறினால் என் அறையில் இருக்கும் திரையில் மஞ்சள் விளக்கு எரியும். ஆபத்தென்றால் சிவப்பு. ஏழு நாளுக்குள் இரண்டு மஞ்சள் வந்தால் அந்த ஆளை உடனே கூப்பிட்டு அன்றைக்கே படுக்கையில் சேர்க்க வேண்டும். அது டாக்டர் போட்ட விதி. சிவப்புக்குக் காத்திருந்தால் பாதிப் பேர் வாசலுக்கே வந்து சேரமாட்டார்கள் என்பார்.

சோதனைக்கு நாற்பது பேர் வேண்டியிருந்தது. முப்பத்தொன்பது பேர் எப்படியோ சேர்ந்துவிட்டார்கள். நாற்பதாவது ஆள் கிடைக்காமல் என் தம்பியைப் பிடித்துப் போட்டேன். ஃபிரிட்ஜ் மெக்கானிக். வயது நாற்பத்து நான்கு. எங்கள் அப்பா நாற்பத்தாறில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர் என்பதால் தம்பிக்குத் தகுதியும் இருந்தது. பட்டையை ஒட்டிய அன்றைக்கு, "அக்கா, என் நெஞ்சுல இருக்கறதெல்லாம் உனக்குத் தெரிஞ்சுடுமா? வீட்டுக்காரிகிட்டப் போட்டுக் குடுத்துடாதே" என்றான். அவன் அப்படித்தான், எதற்கும் ஒரு கிண்டல்.

பத்து மாதம் ஓடியது. ஆறு பேருக்கு இரண்டிரண்டு மஞ்சள் வந்தது. ஆறு பேரையும் நானே போன் போட்டு வரவழைத்தேன். கடிகாரக் கடைக்காரர் ஒருவர், "எனக்கு ஒண்ணுமே இல்ல, சும்மா கூப்பிட்டு அலைய விடறீங்க" என்று சண்டை போட்டுக்கொண்டே ஸ்ட்ரெச்சரில் ஏறினார். நான்காம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார். நாற்பது பேரில் ஒருவர்கூடச் சாகவில்லை. அதுதான் எங்களுக்கு வினையாக முடிந்தது.

இதய நலத்தில் புதுமைத் திட்டங்களுக்கு நிதி கொடுக்கிறார்கள் என்று விளம்பரம் வந்தது. விண்ணப்பத்தில் பன்னிரண்டு கட்டங்கள். மூன்றாவது கட்டம், இதில் புதுமை என்ன என்று கேட்கும். அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல? போன வருடம் மாடிப்படிகளில் பச்சை வண்ணத்தில் இதயம் வரைந்தவர்களுக்குப் புதுமை என்று அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். படம் பார்த்துக்கொண்டே ஏறினால் ஆயுள் கெட்டியாம். நான் அதற்கெல்லாம் அசரவில்லை. எங்களிடம் ஆறு உயிர் இருந்தது.

ஏழாவது கட்டம் கொஞ்சம் வேறு மாதிரி. "இத்திட்டம் இல்லாத காரணத்தால் பாதிக்கப்பட்ட ஒருவரின் உண்மைக் கதை. இருநூற்றைம்பது சொற்களுக்கு மிகாமல். குடும்பத்தாரின் கையொப்பத்துடன்." எங்களிடம் பாதிக்கப்பட்டவர் யாரும் இல்லையே. நான் கடிகாரக் கடைக்காரர் பிழைத்த கதையை எழுதினேன். நன்றாகத்தான் எழுதியிருந்தேன்.

பதில் அடுத்த மாதத்தின் முதல் வாரத்தில் வந்தது. எனக்கு மனப்பாடம். "திட்டம் பாராட்டுக்குரியது. ஆயினும் பத்து மாதங்களில் ஓர் இறப்பும் நிகழாத நிலையில் இக்கருவியின் தேவை நிரூபிக்கப்படவில்லை. ஏழாவது கட்டம் வலுவாக இல்லை. திருத்தி அனுப்ப மாதக் கடைசி வரை அவகாசம் உண்டு."

ஆறு பேரைச் சாகாமல் பார்த்துக்கொண்டது எங்கள் குற்றமாகிவிட்டது. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். இங்கே பிள்ளையின் பிணத்தைக் காட்டினால்தான் பால். அந்தக் கடிதத்தை எழுதியவருக்கு ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகியிருக்காது. எனக்கு ஆத்திரமாக வந்தது.

டாக்டர் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "விட்டுடுங்கம்மா. மாசக் கடைசிக்குள்ள பட்டையெல்லாம் திரும்ப வாங்கிடுங்க. பேட்டரி மாத்தக்கூட நமக்கு வழியில்ல" என்றார். திரையைப் பார்த்துக்கொள்ள ஒரு டெக்னீஷியன் பெண் இருந்தாள். அவளையும் அந்த வாரமே நிறுத்திவிட்டார்கள். பிறகு திரையைப் பார்க்க நான் ஒருத்திதான்.

எட்டாம் தேதி, சனிக்கிழமை, நாற்பதாம் எண்ணில் மஞ்சள் எரிந்தது. பத்தாம் தேதி, திங்கட்கிழமை, அதே எண்ணில் மறுபடியும் எரிந்தது.

விதிப்படி உடனே கூப்பிட்டிருக்க வேண்டும். போனை எடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், எடுத்தேன். அவன் எண்ணைக்கூடப் போட்டுவிட்டேன். எதிரே அந்தக் கடிதம் கிடந்தது. தேவை நிரூபிக்கப்படவில்லை. போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலையில்தான் அவனைக் கூப்பிட்டேன். மருந்து வைக்கிற ஃபிரிட்ஜ் சத்தம் போடுகிறது, வந்து பார் என்றேன். அது சத்தம் போட்டது உண்மைதான். வந்தான், பின்பக்கத்தைத் திறந்து எதையோ முடுக்கினான், சத்தம் நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு என் அறைக்கு வந்து உட்கார்ந்தான்.

"சட்டையைக் கழட்டு. பட்டையைத் திரும்ப வாங்கணும். நிதி வரல" என்றேன்.

"எல்லார்கிட்டயுமா?"

"எல்லார்கிட்டயும்தான். உன்கிட்ட முதல்ல. இல்லேன்னா தம்பிக்கு மட்டும் சலுகைன்னு நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

"நீயும் உன் நியாயமும்" என்று சிரித்தான். பொத்தானை அவிழ்த்துக்கொண்டே, "அது இருந்தா ஒரு தெம்பா இருந்துச்சுக்கா. ரெண்டு நாளா என்னவோ ஒரு மாதிரி அசதி. அதுல ஏதாச்சும் தெரிஞ்சுதா?" என்று கேட்டான்.

"ஒண்ணும் இல்லடா. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. வேலையைக் குறைச்சுட்டு நல்லாத் தூங்கு."

பட்டை தோலோடு ஒட்டியிருந்தது. வலிக்காமல் ஸ்பிரிட் தொட்டு மெதுவாக எடுத்தேன். சின்ன வயதில் அவன் முழங்காலில் போட்ட பிளாஸ்திரியையும் நான்தான் எடுப்பேன், அம்மா எடுத்தால் கத்துவான். எடுத்த இடத்தில் ஒரு சின்னச் சதுரம் வெளுத்துத் தெரிந்தது. பட்டையை இழுப்பறையில் வைத்தேன். அவன் மாடியிறங்கிப் போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், ஸ்கூட்டரை இரண்டு முறை உதைத்துத்தான் கிளப்பினான்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, ஒரு பேக்கரியின் பின்கட்டில், பழுதான ஃப்ரீசரை நகர்த்தும்போது அப்படியே சாய்ந்துவிட்டான். என் திரையில் சிவப்பு எரியவில்லை. எப்படி எரியும், பட்டை என் இழுப்பறையில் அல்லவா இருந்தது. பேக்கரிக்காரர் போன் செய்துதான் எனக்குத் தெரிந்தது.

நான் அழுதேன். நடிப்பு என்று எழுதிவிடாதீர்கள். அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். மூன்று நாள் தண்ணீர்கூட இறங்கவில்லை.

ஏன் தம்பியை என்று கேட்பீர்கள். அடுத்த வீட்டு ஆளை எடுத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை இருக்கிறது? ஊரான் பிள்ளையென்றால் அது பாவம். என் வீட்டிலிருந்து கொடுத்தேன். கொடுப்பதென்றால் தன்னுடையதைத்தான் கொடுக்க வேண்டும். குடும்பத்தார் கையொப்பமும் வேண்டியிருந்தது. தெரியாதவர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்க எனக்கு வாய் வராது.

தம்பி மனைவி ஒரு வாரம் கழித்துக் கையெழுத்துப் போட்டாள். எங்கே போட வேண்டும் என்று விரலால் காட்டினேன். "அவரு கதையால நாலு பேரு பிழைச்சா நல்லதுதானே அண்ணி" என்றாள். அவள் தங்கமான பெண். நான் எழுதியிருந்ததைப் படித்துப் பார்க்கக்கூட இல்லை, என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

திருத்திய விண்ணப்பம் இருபத்தெட்டாம் தேதி போனது. இரண்டு மாதத்தில் நிதி வந்தது. கேட்டதை அப்படியே கொடுத்தார்கள். "ஏழாவது கட்டம் எங்கள் குழுவினர் அனைவரையும் உலுக்கியது" என்று எழுதியிருந்தார்கள். டாக்டர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வாசல் காவலாளிகூட, "செத்தும் கொடுத்தான்னு சொல்லுவாங்களே, அது உங்க தம்பிதாம்மா" என்றார். இன்றைக்கு நானூறு பேர் நெஞ்சில் பட்டை இருக்கிறது. இதுவரை இருபத்திரண்டு பேரை மஞ்சளிலேயே கூப்பிட்டுக் காப்பாற்றியிருக்கிறோம். ஒன்றுக்கு இருபத்திரண்டு. நீங்கள் படித்தவர்.

ஒரே ஒரு தடவைதான் எனக்குத் தடுமாற்றம் வந்தது. தம்பி மகள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். நிதிக்குழு அந்தக் கதையைத் தங்கள் ஆண்டு மலரில் அச்சடித்திருந்தது. அதைப் படித்துவிட்டு வந்து, "அத்தை, பட்டையை ஒரு வாரம் கழிச்சு வாங்கியிருந்தா அப்பா இருந்திருப்பார்ல?" என்று கேட்டாள்.

"நிதி இல்லையேம்மா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள். அவளுடைய படிப்பை நான் பார்த்துக்கொள்வதாக இருந்தேன். இனி எப்படியோ தெரியவில்லை.

மற்ற முப்பத்தொன்பது பேரிடமும் ஏன் பட்டையை வாங்கவில்லை என்று கேட்டீர்கள். மாதக் கடைசிவரை நேரம் இருந்தது. தம்பி போன செய்தி கேட்டதும் இனி யாரிடமும் வாங்க வேண்டாம், தன் கைக்காசில் பேட்டரி போடுவதாகச் சொல்லி டாக்டரே தடுத்துவிட்டார். பாருங்கள், அவன் போனதால் அவர்களுக்கும் நல்லதுதான் நடந்தது.

கண்டுபிடித்தது அந்த டெக்னீஷியன் பெண்தான். நிதி வந்ததும் அவளைத் திரும்ப வேலைக்கு எடுத்தோம். பட்டை தன் நினைவில் எல்லாவற்றையும் வைத்திருக்கும் என்பது எனக்குத் தெரியாது. நான் எழுதுகிறவள், இயந்திரம் எனக்குப் பழக்கமில்லை. பழைய பட்டைகளைத் துடைத்து மறுபடி பயன்படுத்துவதற்காக ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தவள், நாற்பதாம் எண்ணில் எட்டாம் தேதி மஞ்சளையும் பத்தாம் தேதி மஞ்சளையும் பார்த்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே டாக்டர் மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். கெட்டிக்காரி. அவளைத் திரும்ப எடுக்கச் சம்பளம் வேண்டும் என்று பதினோராவது கட்டத்தில் எழுதியவளே நான்தான்.

அன்றிலிருந்து டாக்டர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிடுங்கள் என்று நானூறு பேரிடமும் அவர் சொல்லவும் இல்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி தேதி. கம்ப்யூட்டரில் ஒரு தப்பும் இல்லை. ஏழாவது கட்டத்தின் கதையை நான் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, மதியம் எழுதினேன். தம்பி போனது பதினான்காம் தேதி. அவன் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதும் உட்கார்ந்து, ஒரே மூச்சில் எழுதினேன். அவன் நல்லவன், சிரித்த முகம், ஒரே மகள், நிதி கிடைக்காததால் பட்டையை முதலில் திருப்பிக் கொடுத்தவன் அவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். இருநூற்று நாற்பத்தொன்பது சொல். பட்டையைக் கொடுத்த எத்தனையாம் நாள் என்பதற்கு மட்டும் ஒரு சொல் அளவுக்கு இடம் விட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்த இடத்தில் "மூன்றாம்" என்று போட்டேன். வேறு ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. செவ்வாயைச் சேர்த்தால் நான்காகிவிடுமோ என்று சந்தேகம் வந்து, காலண்டரை எடுத்து விரல் வைத்து இரண்டு முறை எண்ணிப் பார்த்துக்கொண்டேன். பத்தொன்பது வருடத்தில் எந்த விண்ணப்பத்திலும் நான் ஒரு பொய் எழுதியதில்லை.