லக்சிகாவுக்குத் தண்ணி

— இல்லை மிதுசா, பகிடிக்குச் சொல்லேல்லை. இஞ்சை அல் ஐனிலை பச்சைத்தண்ணிப் பைப்பைத் திறந்தால் கை வெந்துபோகும். மொட்டைமாடியிலை தாங்கி முழுக்கக் கொதிக்குது.

— அப்ப எப்பிடி ஆதிரையக்கா குளிக்கிறீங்கள்?

— ஹீட்டரை நிப்பாட்டி வைச்சிருக்கிறம். அதுக்குள்ளை நிக்கிற தண்ணி வீட்டுக்குள்ளை கிடந்து ஆறியிருக்கும். சுடுதண்ணிப் பைப்பைத் திறந்துதான் குளிர்தண்ணி எடுக்கிறது. பாலைவனத்திலை எல்லாம் தலைகீழ்.

— கடவுளே! ஹனோவரிலை காலமை தொடக்கம் தூறிக்கொண்டு நிக்குது. நான் ஸ்வெற்றரோடை இருக்கிறன். சாருஜன் என்ன செய்யிறான்?

— பன்ரண்டு வயதுப் பெடியன், வந்து மூண்டு மாதமா வெளியிலை ஓடி விளையாடேல்லை. போன கிழமை மூக்காலை ரத்தம். காத்துக் காய்ஞ்சு போச்செண்டு டொக்டர் சொன்னவர். வகுப்பிலை எண்டால் ஏசிக் குளிர் தாங்கேலாதாம். அங்கை வாங்கின பனிக்கால ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போறான்.

— இளங்கீரன் அண்ணைக்கு எப்பிடி?

— அவருக்குச் சந்தோசம். மணலுக்கை சோலார் பூட்டுற பெரிய வேலை. அவருக்குக் கீழை அறுபது பேர். விடிய நாலரைக்கே சிரிச்சுக்கொண்டு வெளிக்கிடுவார். பதினெட்டு வருசம் ஹனோவரிலை மற்றவைக்குக் கீழை நிண்ட மனுசன். திரும்பிப் போவமெண்டு என்னெண்டு கேக்கிறது?

— பழகிவிடும் அக்கா.

— பழகீட்டுது. அதுதான் பயமாக் கிடக்கு. சரி, நீ சொல்லு. பிள்ளையிட்டைப் போனியோ?

— ஓம்... போனனான்.

— தண்ணி ஊத்தினியோ?

— மழைதானே. எண்டாலும் லக்சிகாவுக்கு ஊத்தினனான். லக்சிகான்ரை ரோசாக்கண்டு மூண்டு மொட்டு விட்டிருக்கு.

— என்ன நிறம்?

— மஞ்சள்.

— இருந்திருந்தால் பதினைஞ்சு வயது. நாப்பத்தொரு நாள்தானே இருந்தவள். பச்சைக் குழந்தையை எரிக்கிறேல்லையெண்டு அங்கை தாட்டனாங்கள். அண்டைக்கும் இப்பிடித்தான் தூறல்.

— அக்கா, அழாதேங்கோ.

— அழேல்லையடி. பக்கத்துப் பிள்ளையின்ரை கல்லிலை ஒரு மரக்குருவி வைச்சிருந்தவை. அது இன்னும் இருக்கோ?

— ஆதிரையக்கா... இனி எனக்கு ஏலாது. நான் உங்களுக்குப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறன்.

— ம்.

— நீங்கள் வெளிக்கிட்டு மூண்டாம் கிழமை போய்ப் பாத்தன். கல்லும் இல்லை, ரோசாவும் இல்லை. எல்லாத்தையும் மட்டமாக்கிப் புல்லு விதைச்சிருக்கினம். மயானக் கந்தோரிலை போய்ச் சத்தம் போட்டனான். அந்தக் குழிக்கான பதினைஞ்சு வருசத் தவணை முடிஞ்சுதாம், நீடிக்கச் சொல்லி ஒருத்தரும் விண்ணப்பம் குடுக்கேல்லையாம். உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது? பிள்ளையைப் பாத்துக்கொள் எண்டு என்னை நம்பி விட்டிட்டுப் போனீங்கள், நான்...

— நீ அழாதை. உன்னிலை ஒரு பிழையும் இல்லை. இனி வேண்டாமெண்டு கையெழுத்து வைச்சது நான்தான்.

— நீங்களோ?

— ஏப்ரலிலை மயானக் கந்தோரிலையிருந்து கடிதம் வந்தது. அவருக்குக் காட்டேல்லை. அவள் அங்கை தனியக் கிடக்கிறாள் எண்டால் நான் பிளேனிலை ஏறியிருக்க மாட்டன், மிதுசா. ஏறாட்டில் இந்த மனுசனும் பெடியனும் என்ன செய்வினம்? குசினி மேசையிலை வைச்சுக் கையெழுத்துப் போட்டிட்டு, கீழை இறங்கிப்போய் நானே தபாலிலை போட்டனான்.

— அப்ப அங்கை ஒண்டும் இல்லையெண்டு தெரிஞ்சுகொண்டே ஏனக்கா ஒவ்வொரு ஞாயிறும் என்னட்டைக் கேட்டனீங்கள்?

— இந்த வீட்டிலை ஒருத்தரும் அவளின்ரை பேரைச் சொல்லுறேல்லை, மிதுசா. நீ ஒருத்திதான் லக்சிகா எண்டு சொல்லுறனி.