தோட்டத்து ஆபீஸ்

அந்த மர அறைக்கு வெள்ளைப் பெயின்ட் வேண்டாம் என்று அப்போதே சொன்னேன். மழை வந்தால் சேறு தெறித்துப் பார்க்கச் சகிக்காது. நான் சொன்னதை அவர் என்றைக்குக் காதில் போட்டுக்கொண்டார்? இன்று காலை நீங்களும் அங்கே போனீர்களே, பார்த்திருப்பீர்கள். வாசல் பக்கமெல்லாம் ஒரே கறை.

என் வீட்டுக்காரருக்குத் தூரத்திலிருந்தே ஆட்களை மேய்க்கிற வேலை. ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் எல்லாரும் அவர் சொல்படிதான் நடக்க வேண்டும். முன்பு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார். பிறகு வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஆகிவிட்டது. அன்று பிடித்தது எனக்குச் சனி. மிக்ஸி ஓடினால் குற்றம், குழாயைத் திறந்தால் குற்றம், தும்மினால் குற்றம். கடைசியில் பின்புறத் தோட்டத்தில் தனியாக ஓர் அறை கட்டிக்கொண்டார்.

நான் தக்காளியும் மிளகாயும் போட்டிருந்த இடம் அது. காய் பிடிக்கிற சமயம். "செடிதானே, வேற எங்கயாவது நட்டுக்கோ" என்றார். வேறு எங்கே நடுவது, கட்டிலுக்கு அடியிலா? அவருடைய தங்கை வந்து பார்த்துவிட்டு, "அண்ணி, துரைக்குத் தனி ஆபீஸ் வந்தாச்சு. இனிமே நம்மளயெல்லாம் கண்ணு தெரியாது" என்று சிரித்தாள். என் நாத்தனார் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு நேராகத் தோட்டத்துக்குப் போய்விடுவார். பின்னாலேயே நான் சாப்பாட்டுத் தட்டோடு போக வேண்டும். ஊசி போட்ட பிறகு சாப்பிடத் தாமதமானால் வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். உடனே இனிப்பாக எதையாவது கொடுத்தால்தான் தெளியும். கல்யாணமான நாளிலிருந்து அந்த வேளையைத் தவறவிட்டதில்லை. கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன் என்று நானே சொல்லக் கூடாது. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஒருநாள் தட்டோடு உள்ளே போனபோது மீட்டிங் நடந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியாது. துணி துவைத்துவிட்டு அப்படியே போயிருந்தேன், நைட்டியெல்லாம் ஈரம். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக முகங்கள். அதில் ஒரு பெண், "யாரு சார் அது, வீட்ல மேடமா?" என்று கேட்டாள்.

"அதுவா? வேலைக்கு வர்ற அம்மா" என்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. தட்டை வைத்துவிட்டு வந்தேன். வேலைக்காரி அப்படித்தானே வருவாள்? சாயங்காலம் அவர்தான் குதியாய்க் குதித்தார். "அத்தன பேர் முன்னாடி இந்தக் கோலத்துல வந்து நிக்கிற, என் மானத்த வாங்கணும்னே பண்றியா?" மறுநாளே கதவுக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு மாட்டினார். சுவிட்ச் அறைக்குள்ளே. "இது எரிஞ்சா, வீடே பத்தி எரிஞ்சாலும் கிட்ட வராத. புரியுதா?" என்றார். புரிகிறது என்றேன். எதிர்த்துப் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மழையில் அந்தக் கதவு ஊதிப்போய் நிலையோடு இறுகிக்கொள்ளும். வெளியிலிருந்து கைப்பிடியைப் பிடித்துச் சற்றுத் தூக்கி இழுத்தால்தான் வரும். உள்ளே இருப்பவர் என்ன தள்ளினாலும் அசையாது. கொஞ்சம் இழைத்துக் கொடுக்கிறேன் என்று அறை கட்டின தச்சர் சொன்னார். சத்தம் வரும், அப்புறம் பார்க்கலாம் என்று இவர் அனுப்பிவிட்டார். அதனால் மழைக்காலத்தில் வெளியே வர வேண்டுமென்றால் கதவில் பதித்த கண்ணாடியைத் தட்டுவார். நான் ஓடிப்போய்த் திறந்துவிடுவேன்.

நேற்று அடைமழை. நான் தட்டோடு போகும்போதே பல்பு எரிந்துகொண்டிருந்தது. சரி, வேலையாக இருக்கிறார் என்று இறவாரத்தின் கீழே ஒதுங்கி நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். பிறகு கண்ணாடி தட்டும் சத்தம் கேட்டது. பார்த்தேன். சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. என் போன் அடித்தது, அவர்தான். பல்பு எரியும்போது எப்படிப் பேசுவது என்று எடுக்கவில்லை.

பல்பு கடைசிவரை எரிந்ததா என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் சார். நான் பொய் சொல்ல மாட்டேன். நடுவில் அவரே தடவித் தடவிப் போய் அணைத்தார். அணைத்துவிட்டுக் கதவைத் தள்ளினார். என் முகத்தைப் பார்த்து, "இந்தாம்மா, திறம்மா" என்றார். என்னை அவர் அம்மா போட்டுக் கூப்பிட்டதை நேற்றுதான் கேட்டேன். தட்டில் காபி ஆறிக்கொண்டிருந்தது. வீணாகப் போகிறதே என்று நான் குடித்தேன். சர்க்கரை தூக்கலாகப் போட்டிருந்தேன், நன்றாகவே இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சரிந்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் போனேன். முகம் கழுவித் தலை வாரிக்கொண்டேன். பீரோவிலிருந்து நல்ல துணியாக எடுத்து உடுத்தினேன். காலையில் மீட்டிங் இருக்கிறது என்று முந்தின நாளே யாரிடமோ அவர் சொன்னது காதில் விழுந்திருந்தது. கைப்பிடியைத் தூக்கி இழுத்ததும் கதவு வந்துவிட்டது. கம்ப்யூட்டர் விடாமல் மணியடித்துக்கொண்டிருந்தது. அவரைத் தாண்டிப் போய் நாற்காலியில் உட்கார்ந்து பட்டனை அழுத்தினேன்.

அதே முகங்கள். "வணக்கம். நான் சாரோட மனைவி" என்றேன்.

"அய்யோ மேடம், நீங்கதானா? சார் உங்களப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்லையே" என்றாள் அந்தப் பெண். "சார் எங்க மேடம்?"

"இங்கதான் இருக்காரு. கொஞ்சம் வேலையா இருக்காரு, இப்ப கூப்பிடக் கூடாது. அதுவரைக்கும் என்கிட்ட பேசுங்களேன்."

நல்ல பிள்ளைகள். என் தோட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள். தக்காளிச் செடி மழையில் அழுகாமல் இருக்க என்ன செய்வது என்று ஒரு பையன் கேட்டான். சொல்லிக்கொடுத்தேன். நடுவில் அவர் விரல் என் பாதத்தில் வந்து பட்டது. காலைச் சற்று நகர்த்திக்கொண்டேன். ஆமாம், மூச்சு இருந்தது. எனக்குத் தெரியும்.

அப்போது ஒரு வாய் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றியிருந்தாலும் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். இருக்கலாம். ஆனால் நீங்களே சொல்லுங்கள், அத்தனை பேர் மதித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து போனால் நன்றாகவா இருக்கும்? கெட்ட பெயர் அவருக்குத்தானே வரும்.