குறை கேட்டுச் சான்று தந்த கார்மென் டீச்சருக்கு

குன்றுகள் சூழ்ந்த குனோங் ராபாட்டில் குடியிருந்து, குழாயும் குடுவையுமாய் எங்கள் பள்ளியில் முப்பதாண்டுகள் வேதியியல் வளர்த்த வித்தகியே! கண்டிப்பில் கற்பாறையே, கனிவில் கரும்பே, ஆசிரியர் அறையின் ஆரவாரமே, திருமதி கார்மென் யேசுதாசன் அவர்களே, வணக்கம்!

எளிதில் இடம் தராத பெருங்கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் பரிந்துரைக் கடிதம் கேட்டு உங்கள் மேசைக்கு வரும்போதெல்லாம், நீங்கள் முதலில் கேட்பது ஒன்றே: "ஒங்கிட்ட என்ன குறை?" குறையே இல்லாத கடிதத்தைக் கல்லூரிக்காரர்கள் நம்பமாட்டார்கள் என்பது உங்கள் கொள்கை. குறையைச் சொல்லாத பிள்ளைக்குக் கடிதம் இல்லை. பெற்றோர் பழக்கூடையோடு வந்து கெஞ்சினாலும் இல்லை. பழத்தை மட்டும் நாங்கள் பகிர்ந்து தின்றோம்.

அப்படி வந்தவர்களுள் ஒருத்தி லகாட்டிலிருந்து பஸ் பிடித்து வந்த தினேஸ்வரி. இன்று நம்மோடு இயற்பியல் கற்பிக்கும் அதே தினேஸ்வரி. பள்ளியிறுதி எஸ்.பி.எம். தேர்வுக்கு உயிரியலை விட்டுத் தமிழ் இலக்கியத்தை எடுத்திருந்தாள். "இலக்கியத்த வச்சிக்கிட்டு எந்தக் காலேஜுல எடுப்பான்?" என்று அத்தை முதல் அண்டை வீட்டார் வரை அரித்தெடுக்க, அவளுக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் கடிதம்தான் கடைசி நம்பிக்கை. நீங்களோ வழக்கம்போல் குறையைக் கேட்டீர்கள்.

"எனக்கா? ஒன்னும் இல்லையே டீச்சர்!"

"அப்ப நாளைக்கு வா லா."

மறுநாள், ஆய்வுக்கூடத்தில் குடுவை உடைத்ததைச் சொன்னாள். "அது குடுவையோட குறை" என்று திருப்பி அனுப்பினீர்கள். அதற்கும் மறுநாள் அழுகையை அடக்கிக்கொண்டு உண்மையைச் சொன்னாள்: "கேள்வி கேக்க ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன் டீச்சர்." அதையே எழுதினீர்கள், விரிவுரையாளர்கள் தயாராக வரட்டும் என்று ஒரு வரியும் சேர்த்தீர்கள். நேர்காணலில் "இது உண்மையா?" என்று கேட்டவர்கள், அவள் திருப்பிக் கேட்ட கேள்விகளில் களைத்துப்போய், இடம் கொடுத்தே அனுப்பினார்கள்.

முற்பகல் செய்யின் பிற்பகல் விளையும் அல்லவா! இப்போது வரும் பணி ஓய்வுக்குப் பின் தமிழ் இலக்கியத்தில் முதுகலை படிக்க நீங்கள் விண்ணப்பித்தீர்கள். இலக்கியத்தில் ஒரு பாடமும் படித்ததில்லையே, இந்த வயதில் எடுப்பார்களா என்ற கவலையில் தேத்தண்ணியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தீர்கள். பிறகு பரிந்துரைக் கடிதம் கேட்டுத் தினேஸ்வரியின் மேசைமுன் போய் நின்றீர்கள். உங்களைப் புகழ்ந்து பத்துப் பக்கம் எழுத அவரால் முடியும். ஆனால் அந்தப் புகழே உங்கள் இடத்தைக் கெடுத்துவிட்டால்? மெல்லக் கேட்டார்:

"ஒங்ககிட்ட என்ன குறை டீச்சர்?"

"எனக்கா? ஒன்னும் இல்லையே!"

"அப்ப நாளைக்கு வாங்க டீச்சர்."

ஆசிரியர் அறையே அதிரச் சிரித்தோம், நீங்களும்தான். மறுநாள் பிள்ளைபோல் வந்து ஒப்புக்கொண்டீர்கள்: "எதக் கண்டாலும் திருத்திப்புடுவேன் லா. கல்யாணக் கார்டக்கூட விட்டதில்ல." தினேஸ்வரி ஒரு சொல்லும் குறைக்காமல் எழுதி அனுப்பினார். திங்கட்கிழமை பதில் வந்தது: இடம் உண்டு! அந்தப் பதிலிலும் தேதி தவறென்று திருத்தி அனுப்பினீர்களாமே.

மாணவியாகப் போகும் மாண்புடையீர்! உடல் நலமும் உள்ள நிறைவும் உடன்வர, உங்கள் விரிவுரையாளர்களை உறங்கவிடாமல் நெடுநாள் வாழ்க! உங்களைப் பிரிவது எங்களுக்கு வருத்தம்தான், அதை மறைக்கமாட்டோம்.

உங்களுக்குத் தர இம்மடலுக்குச் சட்டம் போட்டுவிட்டோம், கண்ணாடி மட்டும் இன்னும் போடவில்லை. சிவப்புப் பேனா பக்கத்திலேயே இருக்கிறது. திருத்திக் கொடுங்கள் டீச்சர், பிறகு மூடுகிறோம்.

அன்பு குறையாத,
ஆசிரியர் அறையார்,
ஈப்போ