நான்கு விரல் இடைவெளி

இல்லை, தண்ணீர் போதும். ஹேண்ட் பிரேக்கைப் பற்றித்தானே கேட்டீர்கள், அதற்கும் வருகிறேன். ஆனால் எங்கள் வாசல் கல்லைப் பற்றிச் சொல்லாமல் ஹேண்ட் பிரேக்கைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு எதுவும் புரியாது. நேற்று உங்கள் கான்ஸ்டபிள் ஒருவர் டேப்பை வைத்து அதை அளந்துகொண்டிருந்தார். டேப்பில் அது ஒரு சாண்கூட வராது. தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்காமலே அதில் ஏறி வருவார்.

என் காருக்கு மட்டும்தான் அது மலை.

எங்கள் வீட்டு முற்றம் தெருவைவிடத் தாழ்வு. கார் நிற்கும் இடத்திலிருந்து வாசல் வரைக்கும் சிமென்ட் சரிவு நெட்டுக்குத்தாக ஏறும். அது முடிகிற இடத்தில், சரிவைவிடச் சற்று எழும்பி, தெருவோரக் கல். மற்ற கார்கள் ஒரு குலுக்கலோடு தாண்டிவிடும். என்னுடையது இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். அதன் மூக்குக்கும் தரைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளிதான். நேராக ஏற்றினால் மூக்கு கல்லில் உரசிவிடும்.

உரசினால் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்துச் சேதத்தை எழுதிக்கொடுப்பது என் வேலை. இருபது வருடமாகக் கீறல்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கீறலைத் தடவிப் பார்த்தால், ஓட்டியவர் அவசரக்காரரா, கோபக்காரரா, பொய் சொல்கிறாரா என்று எனக்குத் தெரிந்துவிடும். என் காரைத் தடவிப் பார்த்து யாரும் என்னைப் பற்றி அப்படி எதுவும் சொல்லிவிடக் கூடாது.

அதனால் நாங்கள் ஒரு வழிமுறை வைத்திருந்தோம். சரிவின் உச்சியில் இரண்டு பலகைகள். காரைக் குறுக்காகத் திருப்பி, முதலில் இடது சக்கரம், பிறகு வலது. என் மனைவி கல்லுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொள்வாள். உள்ளங்கையை விரித்துக் கல்லுக்கும் மூக்குக்கும் நடுவே நுழைப்பாள். கை தாராளமாகப் போனால், "வாங்க" என்பாள். இறுக ஆரம்பித்தால், "இருங்க." ஓட்டுகிறவனுக்கு முன்னால் இருப்பது எதுவும் தெரியாது. எனக்கு அவள் குரல் மட்டும்தான்.

ஒன்பது வருடம். மழை நாளில் மட்டும் ஒரு கோணியை விரித்துக்கொள்வாள். கல்லைத் தாண்டிய பிறகு எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்காருவாள். அவள் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளை இறக்கிவிட்டு நான் ஆபீஸ் போவேன். சில நாள் அவள் கன்னத்தில் சிமென்ட் தூசி இருக்கும். நான் சொல்ல மாட்டேன். அது அங்கே இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

தெருவுக்கே அது பழகிப்போயிருந்தது. பேப்பர் போடுகிறவர் தினமும் மணியடித்துக்கொண்டே போவார். "என்னக்கா, இன்னைக்கும் அளவெடுப்பா? சட்டையை எப்பதான் தைச்சு முடிப்பீங்க?"

"உனக்கும் சேர்த்துத்தான் தைக்கிறேன். நீ முதல்ல பேப்பரைத் தண்ணியில போடாம போடு."

எதிர் வீட்டுப் பல் மருத்துவர் பால்கனியில் நின்று என்னைத்தான் கேலி செய்வார். "சார், நீங்க வாங்கினது காரா, பல்லக்கா?" நானும் சிரிப்பேன். யாருக்கும் பதில் சொல்லாமல் விட்டவள் இல்லை அவள். படுத்துக்கொண்டேகூடப் பதில் சொல்வாள். இதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அவளுடைய தம்பி வீடு கட்டித் தருகிற கான்ட்ராக்டர். வந்தால் முதலில் அந்தக் கல்லின்மேல் ஏறி நின்றுதான் பேசுவான்.

"மாமா, அரை நாள் வேலை. ரெண்டு மூட்டை சிமென்ட் போதும். நானே வந்து ராம்ப் மாதிரி சரிவாப் பூசிக் கொடுத்துடறேன். அக்கா எதுக்கு ரோட்டுல விழுந்து கிடக்கணும்?"

"கல்லு நம்மளோடது இல்ல மாப்ளே. தெருவோட சேர்ந்தது. அனுமதி வாங்கணும்."

"எழுதிப் போடுங்களேன்."

"போட்டாச்சு. வரட்டும்."

நான் எழுதிப் போடவில்லை. ஒவ்வொரு வருடமும் அவன் கேட்டான், ஒவ்வொரு வருடமும் வரட்டும் என்றேன். அவள் வாசலில் தபாலை வாங்கும்போதெல்லாம், அரசாங்க உறை ஏதாவது இருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பாள்.

அவள் விரல்களைப் பற்றித் தம்பி உங்களிடம் சொல்லியிருப்பான். அது நான்காவது வருடம். அவள் "இருங்க" என்றாள். என் கால் பிரேக்கில் கொஞ்சம் தாமதமாகப் போயிற்று. இரண்டு விரல்கள். அவள் பெரிதாகக் கத்தக்கூட இல்லை. நான் இறங்கி முதலில் காரின் மூக்கைத்தான் பார்த்தேன் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். அது சரியல்ல. நான் இரண்டையும் பார்த்தேன். மூக்கு முன்னால் இருந்தது, அவ்வளவுதான்.

விரல்கள் வளைந்தே சேர்ந்தன. அதன் பிறகு நரம்பைத் தடவிக் கண்டுபிடிக்க அவளுக்கு வரவில்லை. ரத்தம் எடுக்கிற வேலையிலிருந்து மாற்றி, சீட்டு எழுதுகிற மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். வலது கை தட்டையாகப் படியாததால், இடம் இருக்கும்போதும் இல்லை என்று தோன்றும். அளவு தப்பும். நான் அதைச் சொன்னேன். மறுநாள் இடது கையை வைத்தாள். நான் அப்படிக் கேட்கவில்லை, அவளாகத்தான் செய்தாள்.

இப்போது ஹேண்ட் பிரேக்.

போன வருடம் அதன் கம்பி தளர்ந்துவிட்டது. சரிவில் நிறுத்தினால் கார் பின்னால் நழுவும். அதனால் ஓட்டுகிறவன் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியாது, இன்னொருவர்தான் இறங்கிப் பார்க்க வேண்டும். அதுவரை வெறும் பழக்கமாக இருந்ததற்கு ஒரு காரணமும் கிடைத்தது. மெக்கானிக் உங்களிடம் கொடுத்த ரசீதில் இருக்கும் தேதி சரிதான். சம்பவத்துக்கு ஒன்பது நாள் முன்பு அதைச் சரி செய்தேன். வீட்டில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், இனிமேல் நீங்களே இறங்கிப் பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்டிருப்பாள். கேட்டால் நியாயம்தான்.

செவ்வாய்க்கிழமை மாலை அவள் துணி மடித்துக்கொண்டே பேசினாள்.

"ஞாயித்துக்கிழமை தம்பி வரான்."

"ராம்ப் விஷயமாவா? இன்னும் அனுமதி வரலைன்னு சொல்லு."

"ராம்ப் கட்ட இல்லங்க. என்னைக் கூட்டிட்டுப் போக."

எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். மடித்த புடவையைப் பெட்டியில் வைத்தாள். பெட்டி புதிது, விலைச்சீட்டின் நூல்கூட இன்னும் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் கத்தரிக்கோல் எடுத்து அதை வெட்டிக் கொடுத்தேன். சண்டை போட்டோமா என்று நீங்கள் கேட்டீர்கள். எங்கள் வீட்டில் யாரும் குரலை உயர்த்தியதே கிடையாது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு, சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிறமாதிரி இருக்கிறது என்றாள். நெற்றியெல்லாம் வேர்வை. பரிசோதனை நிலையத்தில் இத்தனை வருடம் இருந்தவள், அது என்னவென்று எனக்கு முன்பே அவளுக்குத் தெரியும்.

"ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க."

"அது வர்றதுக்குள்ள நாம போயிடலாம். அஞ்சு நிமிஷம்தானே."

"எதிர்வீட்டு டாக்டர் காராவது..."

"அவரு கிளம்பிட்டாரு."

அவர் கார் அவர் வீட்டு வாசலில்தான் நின்றது. உங்களிடம் இருக்கும் தெருக் கேமராப் படத்தில் அதுவும் விழுந்திருக்குமே.

அவளைக் காரில் உட்கார வைத்தேன். பலகைகளைப் போட்டேன். சரிவில் ஏறி, கல்லுக்கு முன்னால் நிறுத்தினேன். இதுவரை நான் தவறு எதுவும் செய்யவில்லை என்றே நினைக்கிறேன்.

"நேரா ஏத்திடுங்க," என்றாள். "உரசினா உரசட்டும்."

"இத்தனை வருஷம் பாத்துட்டு இன்னைக்கா உரசணும்? ஒரே நிமிஷம். இறங்கிக் கையை வச்சுப் பாத்துடு."

"நீங்க இறங்குங்களேன். என்னால முடியலங்க."

"ஹேண்ட் பிரேக் நிக்காதே."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்படித்தான் அவள் தபால் உறைகளையும் பார்ப்பாள். பிறகு கதவைத் திறந்தாள். நல்ல உடம்புக்காரர்களே அந்த சீட்டிலிருந்து எழுந்திருக்கச் சிரமப்படுவார்கள், தரையிலிருந்து எழுகிறமாதிரி இருக்கும். அவள் கதவைப் பிடித்து எழுந்தாள், பானெட்டில் கையை ஊன்றியபடியே முன்னால் போனாள், குனிந்தாள். அதன் பிறகு எனக்கு வானமும் எதிர் வீட்டு பால்கனியும்தான் தெரிந்தன.

"வாங்க."

ஒரு விரற்கடை நகர்த்தினேன்.

"வாங்க."

இன்னும் ஒரு விரற்கடை.

"இருங்க."

நான் இருந்தேன்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் ஒரு எறும்பு மேலே ஏறுவதும் பாதியில் திரும்புவதுமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் சைக்கிள் மணி கேட்டது. பேப்பர் போடுகிறவர்.

"என்னக்கா, இன்னைக்கு ரொம்பப் பெரிய சட்டை போலிருக்கே!"

பதில் வரவில்லை. அவர் காத்திருக்கவும் இல்லை. பேப்பர் முற்றத்தில் விழுந்தது, மணிச்சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. ஒரு பெண் தெருவில் விழுந்து கிடந்தால் எந்தத் தெருவும் ஓடிவரும். எங்கள் தெருவில் ஒருவரும் வரவில்லை என்று நீங்கள் ஆச்சரியப்பட்டீர்கள். தினமும் அவள் கிடந்த இடத்தில்தானே அன்றைக்கும் கிடந்தாள்.

அவள் பதில் சொல்லாதபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அது நான்காவது நிமிடம். முதல் பத்து நிமிடத்துக்குள் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று ஆஸ்பத்திரி மருத்துவர் சொன்னதாக நீங்கள் சொன்னீர்கள். அவளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதை நானும் அப்போது நினைத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரி அவளைக் காப்பாற்றியிருக்கும். தம்பி வந்திருப்பான். அங்கிருந்து நேராக அவன் வீட்டுக்குப் போயிருப்பாள், அந்தப் புதுப் பெட்டியை யாராவது வந்து எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். கல்லுக்குப் பக்கத்தில் படுத்திருக்கும்வரை அவள் எங்கேயும் போகவில்லை. என் காரின் முன்னால்தான் இருந்தாள். பதினெட்டு நிமிடம் எனக்கு அது போதுமானதாக இருந்தது.

படத்தில் இருபத்திரண்டு என்று வருகிறதா? அந்த நான்கையும் சேர்த்தால் சரியாக இருக்கும்.

ஹேண்ட் பிரேக் நன்றாக நிற்கும். இழுத்துவிட்டு இறங்க மூன்று வினாடி ஆகும். நான் இழுக்கவில்லை. கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்க மாட்டேன். எனக்கு வக்கீல் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமையும் கடந்து போய்விட்டது. இனிமேல் எனக்காக யாரும் எங்கேயும் வரப்போவதில்லை.

இருபத்திரண்டாவது நிமிடத்தில்தான் இழுத்தேன், இறங்கினேன். அவள் இடது கை கல்லின்மேல் இருந்தது. குனிந்து பார்த்தேன். கைக்கு மேலே இன்னும் இரண்டு விரல் இடம் இருந்தது. காற்றுபோலத் தாண்டியிருக்கலாம். ஆனாலும் அவள் இருங்க என்றாள். இடது கைக்கு மாறிய பிறகு அவள் அளவு தப்பியது அன்றைக்கு மட்டும்தான். அதற்காக அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

மூக்கில் ஒரு கீறல்கூட இல்லை. நீங்களே பார்க்கலாம்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? ஒன்று மட்டும் கேட்கிறேன். காரை உங்கள் ஸ்டேஷன் முற்றத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள். என்னை உள்ளே கூட்டிவரும்போது பார்த்தேன், உங்கள் வாசலிலும் ஒரு கல் இருக்கிறது, எங்களுடையதைவிட உயரம். கோர்ட்டுக்குக் கொண்டுபோகும்போது கயிறு கட்டி நேராக இழுத்துவிடுவார்கள். இரண்டு பலகை போடச் சொல்லுங்கள். முன்னால் யாராவது ஒருவர் படுத்து, கையை வைத்துப் பார்த்து, 'வாங்க' என்று சொன்ன பிறகு நகர்த்தினால் போதும். கொஞ்சம் சொல்லி வைப்பீர்களா?