அப்பாவுக்கு ஒரு வாட்ச்

கடைக்காரர்: அதை வச்சுருங்க சார், அது நாய்க்கு.

தம்பி: நாய்க்கா?

கடைக்காரர்: கழுத்துப் பட்டை சார். நாய் ஓடிப்போச்சுன்னா எந்தத் தெருவுல நிக்குதுன்னு போன்ல காட்டும். அப்பாவுக்கு வேணும்னு கேட்டுக்கிட்டே அதைப் போயி எடுக்கறீங்களே!

அக்கா: இவன் சின்ன வயசுலேருந்தே இப்படித்தான். கண்ணுல பட்டதைக் கையில எடுத்துருவான்.

தம்பி: ஜி.பி.எஸ்னு போட்டிருந்துச்சு, எடுத்துப் பாத்தேன். அதுக்கு ஏன்...

அக்கா: சரி சரி. கடையில வச்சு ஆரம்பிக்காத.

கடைக்காரர்: உக்காருங்க மேடம். இதுல பல தினுசு இருக்கு. இதோ, இது கார்ல ஒட்டி வைக்கறது. இந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்புன்னு வாய் ஓயாம சொல்லிக்கிட்டே வரும். நாம தப்பாத் திரும்பினாலும் ஒரு வார்த்தை திட்டாது. வீட்டுக்காரியவிட இது மேல்னு வாங்கிட்டுப் போறவங்க உண்டு.

அக்கா: ம்.

கடைக்காரர்: சும்மா தமாஷுக்கு மேடம்... இது கையடக்கம். மலை ஏறறவங்க, காட்டுக்குள்ள வேலைக்குப் போறவங்க வாங்குவாங்க. போன்ல டவரே கிடைக்காத எடத்துலயும் நீ இங்க நிக்கறேன்னு சொல்லிரும். இது படகுக்கு. இன்னைக்கு மீன் கிடைச்ச எடத்தை அமுக்கி வச்சுட்டா, நாளைக்கு அதே எடத்துக்குக் கூட்டிட்டுப் போகும்.

தம்பி: இந்தக் கறுப்பு டப்பி?

கடைக்காரர்: அது லாரி முதலாளிங்க வாங்கறது. வண்டியில எங்கயாவது ஒளிச்சு வச்சுருவாங்க. ஓட்டறவனுக்கே தெரியாது. அவன் எங்க போறான், எங்க நிறுத்தி அரட்டை அடிக்கறான், எல்லாம் இவங்க போனுக்கு வந்துரும்.

தம்பி: அவனுக்கே தெரியாதா? அட, அது நல்லா இருக்கே...

அக்கா: டேய்.

கடைக்காரர்: ஏன், அப்பா இன்னும் வண்டி ஓட்டறாரா?

தம்பி: ஓட்டினவரு. காலம் பூரா டாக்சிதான். எந்தச் சந்து எங்க போயி முட்டும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூட அவரு...

அக்கா: அதெல்லாம் அப்ப. இப்ப நடைதான்.

கடைக்காரர்: ஓ... எழுந்து நடந்துடறாரா?

அக்கா: ஆமாங்க. சொல்லாம கொள்ளாம கெளம்பிடறாரு.

கடைக்காரர்: புரியுது, புரியுது. வயசானா அப்படித்தான். வீட்டை விட்டு எறங்கினதும் வழி மறந்துடும். எங்கயோ ஒரு முக்குல நின்னு முழிச்சுக்கிட்டு இருப்பாங்க... பாவம்.

அக்கா: கையில கட்டற மாதிரி ஏதாவது இருந்தாக் காட்டுங்க.

கடைக்காரர்: இருக்கே! இதைப் பாருங்க... இல்ல, இது ஓடறவங்களுக்கு. காலையில எவ்வளவு தூரம் ஓடினோம்னு பாத்துப் பெருமைப்பட்டுக்கறது. உங்களுக்கு இதுதான். வாட்ச் மாதிரியே இருக்கும். மணி பெருசாத் தெரியும். மேல சுத்தற சாட்டிலைட்டை வச்சு அவரு நிக்கற எடத்தை இது கண்டுபிடிக்கும். உள்ள ஒரு சிம் இருக்கு, அது உங்க போனுக்கு அனுப்பிரும்.

தம்பி: இந்தச் சிவப்பு பட்டன் எதுக்கு?

கடைக்காரர்: அதுதான் இதுல முக்கியமே. கீழ விழுந்துட்டாரு, தலை சுத்துதுன்னு வைங்க... ஒரே அமுக்கு. நேரா உங்களுக்குப் போன் வரும்.

தம்பி: எங்களுக்கா?

கடைக்காரர்: பின்ன, எனக்கா வரும்?

தம்பி: இந்தப் பட்டன் இல்லாம வேற இருக்கா?

கடைக்காரர்: இல்லாமயா? எல்லாரும் அதுக்காகத்தான் சார் இதை வாங்கறாங்க!

அக்கா: அது ஒண்ணுமில்லைங்க. தெரியாம அமுக்கிக்கிட்டே இருப்பாரோன்னு கேக்கறான்.

கடைக்காரர்: ஓ, அதுவா. அதை நிறுத்தி வச்சுடலாம். ஆனா வேணாம்னுதான் சொல்லுவேன்.

தம்பி: நிறுத்திருங்க.

கடைக்காரர்: சரி, உங்க இஷ்டம். ஒரே ஒரு விஷயம். சில பெரியவங்க இதைக் கழட்டி எறிஞ்சுடுவாங்க. என்னை என்ன கைதின்னு நெனச்சியான்னு சண்டைக்கு வருவாங்க.

அக்கா: எங்கப்பா கழட்ட மாட்டாருங்க. நாங்க வாங்கிக் குடுத்ததுன்னா கழட்டவே மாட்டாரு. எம்பசங்க வாங்கிக் குடுத்த வாட்ச்சுன்னு போறவங்க வர்றவங்ககிட்டல்லாம் கையை நீட்டிக் காட்டுவாரு. தூங்கறப்பகூட...

தம்பி: அக்கா, கண்ணைத் துடை.

அக்கா: துடைச்சுக்கறேன். நீ உன் வேலையைப் பாரு.

கடைக்காரர்: அழாதீங்க மேடம். உள்ளதைச் சொல்றேன், இந்தக் கடையில நாய்ப் பட்டை விக்கற அளவுக்கு இந்த வாட்ச் விக்கறதில்ல. பெத்தவருக்குன்னு ரெண்டு பேரும் சேந்து வந்திருக்கீங்க பாருங்க, அதுவே பெருசு. இருங்க, உள்ள புதுப் பெட்டி இருக்கு. எடுத்துட்டு வரேன்.

அக்கா: ...வேணாம்டா. போயிடலாம்.

தம்பி: கூட்டிட்டு வந்ததே நீதான்.

அக்கா: அந்த ஆளு பேசறதைக் கேட்டா எனக்கு என்னமோ பண்ணுது.

தம்பி: அந்த ஆளா வந்து உன் வீட்டுல பதில் சொல்லப் போறான்?

அக்கா: எதிர்வீட்டுக்காரி என்ன சொன்னா தெரியுமா? உங்கப்பா படியிலயே உக்காந்திருந்தாரு, நான்தான் தண்ணி குடுத்தேங்கறா. மூஞ்சியை எங்க கொண்டு போயி வச்சுக்கறது?

தம்பி: என் வீட்டுல மட்டும் என்ன வாழுது? என் பொண்டாட்டி என்கிட்டப் பேசியே நாளாச்சு.

அக்கா: மாத்தி மாத்தி ஆளுக்கு ஒரு மாசம் வச்சுக்கலாம்னு சொன்னவன் நீ. உன் மாசம் என்னைக்காவது வந்துச்சா?

தம்பி: உன் மாசம் மட்டும் முழுசா முடிஞ்சுதா? பாதியில ரூம் பாத்துக் கொண்டு போயி விட்டது யாரு?

அக்கா: மெதுவாப் பேசு. வராரு.

கடைக்காரர்: இதோ, பெட்டி பிரிக்காதது. சார், உங்க போனைக் குடுங்க... ம், ஆப் ஏறிடுச்சு. மேடம், உங்க போன்லயும் போட்டுடறேன். ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல வரும். யாரு கிட்டக்க இருக்காங்களோ அவங்க ஓடலாம்.

அக்கா: சத்தம் வருமா?

கடைக்காரர்: மணி அடிக்கும் மேடம், ஊரே எழுந்துக்கற மாதிரி.

அக்கா: சத்தம் வேணாம். அதிர்ந்தாப் போதும்.

கடைக்காரர்: அதிர்றது தெரியாமப் போயிட்டா?

அக்கா: போன் எப்பவும் கையிலதான் இருக்கும். சத்தம் மட்டும் வேணாங்க.

கடைக்காரர்: சரிங்க, சரிங்க. இப்பக் கடைசி வேலை. இந்த மேப்புல அப்பா இருக்கற எடத்தைக் காட்டுங்க, சுத்தி ஒரு வட்டம் போட்டுடறேன். வட்டத்தைத் தாண்டிக் காலை எடுத்து வச்சாருன்னா உடனே தெரிஞ்சுரும். உங்ககூடத்தானே இருக்காரு?

தம்பி: இல்ல... தனியா ஒரு ரூம்ல. இதோ, இந்த மூலை.

கடைக்காரர்: அவ்வளவு தள்ளியா? சரி, இதைச் சுத்தி...

தம்பி: அங்க வேணாங்க.

கடைக்காரர்: அங்கதானே இருக்காருன்னீங்க?

தம்பி: வெளிய போறது வரது அவரு இஷ்டம். அது எங்களுக்குத் தெரிய வேணாம். வட்டத்தை இங்க போடுங்க. இது என் வீடு.

கடைக்காரர்: உங்க வீட்டைச் சுத்தியா?

அக்கா: இங்க ஒண்ணு. இது என் வீடு. ரெண்டுக்கும் போடுங்க. ஒரு வீட்டுக்குப் போட்டா இன்னொரு வீட்டுக்கு வந்துருவாரு.

கடைக்காரர்: அப்ப, வட்டத்துக்குள்ள வந்தாத்தான் தெரியணும்... அடடா! அப்பா வந்துக்கிட்டு இருக்காருன்னு தெரிஞ்சா, வாசலுக்குப் போயி நின்னு கையைப் பிடிச்சுக் கூட்டிக்கலாம்னு. எனக்கு இது தோணவே இல்ல பாருங்க!

தம்பி: ம்... ஆமா.

கடைக்காரர்: ஆனா ஒண்ணு சார்... வழி மறந்து போறவரு எப்படி உங்க வீட்டுக்குக் கரெக்டா வந்து சேருவாரு?

தம்பி: வழி மறக்குதுன்னு நாங்க சொல்லலையே. நீங்களாத்தான் சொன்னீங்க.

கடைக்காரர்: அப்ப... மேடம், இது எதுக்குங்க?

தம்பி: அக்கா, வா போலாம்.

அக்கா: இருடா, கேக்கறாருல்ல... போன வாரம் வாசல்ல நின்னுக்கிட்டு என் போனுக்கு அடிச்சாருங்க. உள்ள மணி அடிக்கறது வெளிய கேட்டுருச்சு. நான் கதவுக்கு இந்தப் பக்கம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். "அம்மாடி, உள்ளதான் இருக்கியா?"ன்னு ஒரு தடவை கேட்டாரு. அப்புறம் படியில போயி உக்காந்துட்டாரு. அவருக்கு வழியெல்லாம் நல்லாத் தெரியுங்க. தெரியறதுதான் எங்களுக்குக் கஷ்டமா இருக்கு. வட்டத்தைப் பெருசாவே போடுங்க. வாசல்ல கெடக்கற செருப்பையெல்லாம் உள்ள எடுத்து வைக்கணும், டிவியை அணைக்கணும், தாத்தா வராருன்னு பசங்க கதவைத் திறந்துடாம பிடிச்சு உக்கார வைக்கணும்... அதுக்கெல்லாம் நேரம் வேணும்ல.