ரெண்டரை மைக்ரோசெகண்ட்

– பிள்ளையார்பாளையம் பூரா சொல்லிட்டேன் தேவகி. எந்தங்கச்சி கண்டுபுடிச்சது அச்சுல வருதுன்னு.

– எதுக்கு அம்சாக்கா இவ்ளோ அமர்க்களம்? கட்டுரைய எடுத்துக்கறோம்னு பத்திரிகைலேர்ந்து ஒரு லெட்டர்தான வந்துது.

– ஐயே, சும்மா இரு. அக்காக்காரி சாயத்தொட்டில கைய வுட்டுக்கினு நிக்கறா, தங்கச்சி மெட்ராசுல லேசர் வெளிச்சத்துல ஆராய்ச்சி பண்றான்னா தமாசா? இன்னா கண்டுபுடிச்சான்னு கேக்கறாங்க, எனக்குத்தான் சொல்லத் தெரியல. புரியறாப்புல சொல்லு.

– ரோஸ் சாயம் போட்ட நூல வெயில்ல காயவெச்சா இன்னா ஆவும்?

– வெளுத்துப் போவும். அதான் நெழல்ல ஒணத்தறோம்.

– ஏன் வெளுக்குது? சாயம் வெளிச்சத்த வாங்கி ஆக்சிஜனுக்குக் குடுத்துடுது. அதுக்கு வெறி ஏறிடும். கிட்ட எது இருந்தாலும் கடிச்சி வெக்கும், சாயத்தயும்தான். அந்த வெறி எவ்ளோ நேரம் நிக்குதுன்னு அளக்கறதுதான் என் வேல.

– எவ்ளோ நேரம் நிக்குது?

– ஒரு செகண்ட பத்து லட்சமா கிழிச்சா, அதுல ரெண்டரைத் துண்டு. தண்ணியும் மெத்தனாலும் பாதிப் பாதி கலந்ததுல. எழுபத்திரெண்டாம் வருசம் வெளிநாட்டுக்காரங்க மூணரைன்னு போட்டாங்க. எங்க ப்ரொபசரும் என்னுது தப்புன்னாரு. ஆறு மாசம் சண்ட. அம்பது தரம் அளந்து காட்னேன், அம்பதுலயும் ரெண்டரை. கடசில ஒத்துக்கினு அவரே பத்திரிகைக்கு அனுப்பினாரு.

– அப்பிடிப் போடு! வெள்ளக்காரனுக்கு எப்பிடித் தப்பாச்சு?

– சாயத்தண்ணிய ஒழுங்கா வடிகட்டி இருக்க மாட்டாங்க. நான் நம்மூட்டு மாதிரி சுடுதண்ணில கரைச்சி, பட்டுத்துணில மூணு தரம் வடிப்பேன். பருத்தி பிசிறு வுடும், பட்டு வுடாது.

– எந்தப் பட்டு? கொட்டகைல நான் வடிக்கற துணியா?

– அது கறையா இருந்துதுக்கா. பரண்மேல புதுசு இருந்துதே, வெறப்பா, லேசா மஞ்சளா. அதுலதான் கிழிச்சிக்கினு போனேன்.

– அடிப்பாவி! அது கோராப் பட்டும்மா. சோப்புத்தண்ணில வேகவெச்சிப் பசை எடுக்காதது. சுடுதண்ணி ஊத்துனா பசை கரைஞ்சி எறங்குமே!

– அய்யய்யோ... அம்பது தரமும் அந்தத் துணிதான்க்கா.

– எறங்குனா எறங்கட்டும். பசை இன்னா பண்ணும்?

– அது புரோட்டீன்க்கா. அந்த ஆக்சிஜனுக்குக் கடிக்கறதுக்கு அதவிட வேற இன்னா வேணும்? கடிச்சதும் வெறி அடங்கிடும். அதான் சீக்கிரமே செத்துப்போயிருக்குது. அவங்க மூணரைதான் சரி. நாந்தான் தப்பு.

– இரு, அழுவாத. துணி சமாச்சாரம் வேற யாருக்குத் தெரியும்?

– உனக்கும் எனக்கும்தான்.

– அப்ப வாய மூடிக்கினு இருந்தா?

– இருக்கலாம். ஒருத்தனும் கேக்க மாட்டான். ஆனா எங்கியோ ஒருத்தன் என் ரெண்டரைய நம்பி வேல செய்வான்க்கா. என்னால முடியாது. தபாலாபீஸ் மூடறதுக்குள்ள பத்திரிகைக்குத் தந்தி குடுத்து அது அச்சாவறத நிறுத்தணும். காலைல மொத பஸ்ல போயி ப்ரொபசர் எதுருல நிக்கணும். லேசர்ல எனக்குக் குடுத்த நேரத்தையே புடுங்கிக்கினாலும் கேக்க வாயில்ல. பாவம், உனக்குத்தான் தெருவுல தலைகுனிவு. இன்னா சொல்லுவ?

– இன்னா சொல்லுவனா? ஆறு மாசம் சண்ட போட்டு ஜெயிச்சத, ஒரே நிமிசத்துல தப்புன்னு ஒத்துக்கினு எழுந்து நின்னவ எந்தங்கச்சின்னு ஊடு ஊடா போயி சொல்லுவேன். செருப்பப் போடு, தந்தியாபீசுக்கு நானும் வரேன்.